வழக்கில் தோற்ற சொத்தும் அல்லாஹ்விடம் உள்ள கணக்கும்



நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனாரோ வாப்பாவோ பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கடை வைத்திருந்தவர்கள். அவர்கள் மவுத்தானதும் அங்குள்ள சொத்து அங்கிருக்கும் உறவினர் கையில் தங்கிவிடும். இங்குள்ள பிள்ளைகளுக்கு விவரம் தெரிவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். மலேசியாவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஷரீஅத் நீதிமன்றம் சான்று தரும். ஆனால் இறந்தவர் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட அந்நாட்டுச் சட்டத்தில் பொதுவாக 12 ஆண்டுதான் காலவரம்பு. காலம் கடந்ததாலும் பத்திரம் கையில் இல்லாததாலும் தோற்றவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குர்ஆன் சொன்ன பங்கு எங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போனது?"

உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வழக்கில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறமை உள்ளவராக இருக்கலாம், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அப்படி ஒருவருக்குச் சகோதரனின் ஹக் கிடைத்துவிட்டால் அது நெருப்புத் துண்டு என்றும் எச்சரித்தார்கள். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், மற்ற நீதிமன்றத் தீர்ப்பு எப்படி ஆக்கும்? உண்மையில் நம் ஹக் பறிக்கப்பட்டிருந்தால், மறுமையில் பறித்தவரின் நன்மைகளிலிருந்து அது வசூலித்துத் தரப்படும். அங்கே காலவரம்பும் இல்லை, பத்திரமும் தேவையில்லை.

ஆனால் நம் பக்கம்தான் நியாயம் என்று முடிவு கட்டவும் அவசரப்பட வேண்டாம். பாட்டனார் உயிரோடு இருந்தபோதே அதை விற்றிருந்தாலோ, ஹிபாவாகக் கொடுத்து ஒப்படைத்திருந்தாலோ அதில் நமக்குப் பங்கில்லை.

சோதனைகளைப் பட்டியலிடும் அல்பகரா 155ஆம் வசனம் பொருள் இழப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பொறுமையாளருக்கு நற்செய்தியும் அங்கேயே இருக்கிறது. கணவர் அபூ ஸலமா (ரலி) மவுத்தானபோது, அவரைவிடச் சிறந்தவர் யார் கிடைப்பார் என்று எண்ணியபடியே உம்மு ஸலமா (ரலி) "இன்னா லில்லாஹி" ஓதி, இழந்ததைவிடச் சிறந்ததைக் கேட்டு துஆ செய்தார்கள். பின்னர் அல்லாஹ் அவர்களை நபி (ஸல்) அவர்களுக்கே மனைவியாக்கினான். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் செய்வது ஸப்ருக்கு மாறானதல்ல. உறவை முறிப்பதும், கடன் வாங்கி வீம்புக்கு வழக்காடுவதும்தான் மாறானவை.

கடைசியாக, இழந்தவர் தம் வீட்டையும் பார்க்க வேண்டும். ஸஅத் பின் ரபீஉ (ரலி) உஹதில் ஷஹீதானதும் அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். மனைவி இரு பெண் மக்களுடன் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி சகோதரருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் பிரிக்கச் சொன்னார்கள். பினாங்கில் பங்கு தரவில்லை என்று அழும் நாம், "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது" என்று சொல்லி உடன்பிறந்த பெண்களின் பங்கை ஊரில் பிடித்து வைத்திருக்கிறோமா? அதை இன்றே கொடுத்துவிட்டால், நம் இழப்பை அல்லாஹ்விடம் முறையிட நமக்கும் முகம் இருக்கும்.

இழந்ததற்குப் பகரமாகச் சிறந்ததை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.