வளைந்தால்தான் நேராகப் போகும்

‘50 பவுண்டு வில்லுக்கு 50 பவுண்டு அம்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?’ நீள்வில் பழக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இப்படிக் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். அந்தக் கணக்கில் வாங்கிய ஒரு டஜன் மர அம்புகளும் இலக்குக்கு ஒரு சாண் இடப்பக்கமாகவே போய்க் குத்தின. காற்றைக்கூடக் குறை சொல்லிப் பார்த்தேன்.

விறைப்பான அம்புதான் நேராகப் போகும் என்ற நம்பிக்கையில்தான் கோளாறே தொடங்குகிறது. ஆங்கில நீள்வில்லில் அம்புக்கென்று நடுவில் வழி வெட்டியிருக்காது. வலக்கைக்காரருக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாயும். பிறகு எப்படி அம்பு குறியில் படுகிறது? நாண் தள்ளும் வேகத்தில் தண்டு வளைந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு நெளிந்து வெளியேறுகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற ஆய்வாளர் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார். விறைப்பு கூடினால் அம்பு வளைய மறுத்து இடப்பக்கம் ஒதுங்கும், துவண்டால் வலப்பக்கம்.

இந்த விறைப்பை ‘ஸ்பைன்’ என்பார்கள். அளக்க ஒரு பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி போதும். அவற்றின்மேல் தண்டை வைத்து நடுவில் 2 பவுண்டு தொங்கவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது 907 கிராம் வரும்படி அரிசி கட்டிய பை. 26ஐத் தொய்வின் அங்குலத்தால் வகுத்தால் ஸ்பைன். அரை அங்குலம் தொய்ந்தால் 52 பவுண்டு.

வில்லில் எழுதியிருக்கும் 50 பவுண்டு இழுவிசை பெரும்பாலும் 28 அங்குலம் இழுத்தால் வருவது. என் கைக்கு 26தான் எட்டும். ஆகவே என் கையில் அது ஏறக்குறைய 45. அம்பு நீண்டாலும், முனை கனத்தாலும் தண்டு துவளும். கைப்பிடி தடித்த வில் இன்னும் துவண்ட அம்பைத்தான் கேட்கும். ‘நீளமாக இருக்கிறதே’ என்று அம்பை நறுக்கினால் விறைப்பு ஏறிவிடும்.

வயிரம் பாய்ந்த கட்டைதான் அம்புக்கு வேண்டும் என்பதும் சரியில்லை. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து மீட்ட ஆயிரக்கணக்கான அம்புகளில் பெரும்பாலானவை லேசான பாப்லர் மரம். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் ராஜர் ஆஸ்கம் தன் ‘டாக்ஸோஃபிலஸ்’ என்ற வில்வித்தை நூலில், போர் அம்புக்குப் பாப்லர் இனமான ஆஸ்பென் எதற்கு, ஆஷ் மரம்தானே நல்லது என்று குறைபட்டிருக்கிறார். கனம் கூடினால் அடி பலமாக விழும் என்ற அவர் கட்சியிலும் நியாயம் உண்டு.

அதற்காக ரொம்பவும் லேசாக்கினால், அம்பு எடுத்துக்கொள்ளாத விசையை வில்லே தாங்க வேண்டியிருக்கும். மர வில்லுக்குப் பவுண்டுக்கு 10 கிரெயின் அம்பு எடை என்பது கைப்பழக்கக் கணக்கு: 45 பவுண்டுக்கு 450 கிரெயின், அதாவது சுமார் 29 கிராம்.

நாண் பிடிக்கும் காடியை எப்படி வெட்டினாலும் ஒன்றுதான் என்பார்கள். தண்டின் வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஆண்டு வளையங்கள் கோடுகோடாகத் தெரியும். காடி அவற்றுக்குக் குறுக்கே விழ வேண்டும். அப்போதுதான் விறைத்த பக்கம் வில்லோடு ஒட்டும். ஆணிமேல் வைத்து அளக்கும்போது அதே கோடுகள் செங்குத்தாக நிற்கட்டும். படுக்கவைத்து அளந்தால் அரிசிப் பை வேறு எண் சொல்லும்.