தலை சுற்றுவது ஏன்?

அடிக்கடி தலை சுற்றினால், மூளையில் இரத்தம் மிகுந்துவிட்டதென்றே அக்கால ஐரோப்பிய மருத்துவர் பலர் கருதினர். நோயாளிக்கு அட்டைகளைக் கடிக்கவிட்டு இரத்தத்தை வடித்தனர். பாவம், ஏற்கெனவே தள்ளாடுகிறவர்கள்!

பாரிஸ் நகரில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவரான புரோஸ்பர் மெனியேர், சிலருக்குத் தலைசுற்றலோடு காது இரைச்சலும் மந்தமும் சேர்ந்து வருவதைக் கவனித்தார். கோளாறு மூளையிலன்று, உட்செவியில் என 1861இல் அறிவித்தார்.

மாணவியரே, உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்புவதை அவற்றிலுள்ள திரவத்தின் மூலமே மூளை அறிகிறது. அங்கே பிழை நேர்ந்தால் அசையாத சுவரும் சுழலும்.

இரத்தசோகை, ஒற்றைத் தலைவலி, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் தலை சுற்றலாம். சோதனைகளில் ஒன்றும் அகப்படாதபோது, வீட்டாரே "பாசாங்கு" என்பதுண்டு; அது கொடுமை. படுக்கையில் புரளும்போதா, எழும்போதா, எத்தனை நிமிடம் என்று நோயாளி தேதியுடன் குறித்துச் சென்றால், மருத்துவருக்கு அதுவே முதல் தடயம்.