விறகுப் புகையில் ஓடும் என்ஜின்

ஈர விறகு புகையும்போது கண்ணைக் கசக்குகிறோமே, அந்தப் புகையில் எரியாமல் தப்பிய எரிபொருளும் இருக்கிறது. அதைப் பிடித்து என்ஜினை ஓட்டலாம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால், நம் ஊர் பஸ்கள் பின்புறம் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின.

விறகை வாயுவாக்கும் கலனுக்குள், முழுதும் எரியத் தேவையான காற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே விடுவார்கள். விறகில் ஒரு பகுதி எரிந்து கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். இவை எரியாதவை ஆயிற்றே! ஆனால் கீழே கிடக்கும் செந்தணலினூடே இவை செல்லும்போது, சூடான கரி இவற்றிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. கரியமில வாயு கார்பன் மோனாக்சைடாகிறது, நீராவி ஹைட்ரஜனாகிறது. இரண்டும் நன்றாக எரியும். இந்தத் தணல்தான் எல்லாவற்றிற்கும் உயிர். ஈர விறகைப் போட்டால் தணல் குளிரும். தார் பெருகி என்ஜின் வால்வுகளில் அப்பிக்கொள்ளும்.

கிடைக்கும் வாயுவில் ஏறக்குறைய பாதி, காற்றிலிருந்து வந்த நைட்ரஜன். எனவே இது வீரியம் குறைந்த எரிபொருளே. ஆயினும் சிற்றூருக்குப் போதும். கர்நாடகத்தில், தும்கூர் மாவட்டத்து ஹோசஹள்ளிக்கு மின்கம்பி எட்டவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல் அங்கே 3.7 கிலோவாட் நிலையம் அமைத்தனர்; அதாவது ஐந்து குதிரைத் திறன். டீசல் என்ஜின்தான், வாயுவைப் பற்றவைக்க மட்டும் கொஞ்சம் டீசல். முதலில் வீடுகளுக்கு விளக்கு வந்தது. பிறகு குடிநீர், மாவு மில்.

கலனைக் காற்றோட்டமான கொட்டகையில்தான் வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும்.