தன் கதையைத் தானே சொல்லும் வாலிபர்கள்



வாலிபர்களைப் பற்றிப் பேசாத கூட்டம் நம்மிடையே இல்லை. அவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்பார் ஒரு சாரார். அவர்களே சமூகத்தின் தூண்கள் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பேசி முடிப்பதற்குள் நேரமாகிவிடுகிறது. பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாலிபர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்பார் இல்லை. அவரே தம்மைப் பற்றிச் சொல்வதற்கு ஏற்பட்ட ஒரு முறையைத்தான் இம்மாதப் பாடத்திற்கு எடுத்துக்கொண்டோம். டிஜிட்டல் கதைசொல்லல் என்று அதற்குப் பெயர்.

பெயர்தான் பெரிது, காரியம் எளிது. தம் வாழ்வில் நடந்த ஒன்றைச் சுமார் 250 சொற்களில் எழுதி, சொந்தக் குரலிலே படித்துப் பதிவு செய்து, அதற்குப் பொருத்தமான படங்களைக் கம்ப்யூட்டரில் கோத்து, இரண்டு மூன்று நிமிஷங்கள் ஓடும் சிறு படமாக ஆக்குவதே அது. நடிகரும் இல்லை, படப்பிடிப்புக் குழுவும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலானோர் 1990களின் தொடக்கத்தில் இதை வகுப்பாக நடத்தத் தொடங்கினார்கள். பின்னர் 2001 முதல் 2008 வரை பி.பி.சி. நிலையத்தார் வேல்ஸ் நாட்டு ஊர்களுக்குச் சென்று பொதுஜனங்களைக் கொண்டு இத்தகைய படங்களைச் செய்வித்தார்கள். டேனியல் மெடோஸ் என்னும் புகைப்படக் கலைஞர் அந்த முயற்சிக்கு முதல்வராக இருந்தார்.

வாலிபர் சம்பந்தமாக நாம் கவனிக்கவேண்டிய இடம் கலிபோர்னியாவிலுள்ள மேற்கு ஓக்லண்ட். ஒரு காலத்தில் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை செய்த கறுப்பின மக்கள் செழிப்பாக வாழ்ந்த பகுதி. 1957இல் இரண்டு அடுக்கு நெடுஞ்சாலை ஒன்று அதன் நடுவே எழும்பி ஊரைப் பிளந்தது. 1989ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அந்தச் சாலையே இடிந்து விழுந்து 42 பேர் மாண்டார்கள். வேலைகள் போயின, வறுமை வந்தது. அவ்வூர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் சொன்னவை பெரும்பாலும் குற்றச் செய்திகளே. அப்படிப்பட்ட இடத்தில் 2001இல் பேராசிரியை கிளிண்டா ஹல் அம்மையாரும் மைக்கேல் ஜேம்ஸ் என்பவரும் சேர்ந்து 'டஸ்டி' என்ற பெயரில் ஒரு கதைசொல்லும் நிலையத்தை அமைத்தார்கள். பள்ளிவிட்ட பின் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். வயது வந்த வாலிபர்களும் வந்தார்கள்.

அங்கே ஒரு வாலிபர் செய்த படத்தை ஹல் அம்மையாரும் மார்க் நெல்சனும் 2005இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அந்த வாலிபர் பாட்டுக் கட்டுபவர். தாம் எழுதிய வரிகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். பின்னணியில் மைல்ஸ் டேவிஸின் இசை. படங்கள் எவை தெரியுமா? எகிப்தின் பிரமிட், பிறகு மால்கம் எக்ஸ், மார்க்கஸ் கார்வி, டூபாக் ஷகூர், அவற்றோடு அவரே தம் ஊரில் எடுத்த புகைப்படங்கள். (1964இல் ஹஜ்ஜை நிறைவேற்றிய மால்கம் எக்ஸை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யவேண்டியதில்லை.) 'நான் ஏழை, என் தெரு பொல்லாதது' என்று மட்டும் அவர் சொல்லியிருக்கலாம், கேட்பவர்களும் இரங்கியிருப்பார்கள். அவரோ தம்மை ஒரு நீண்ட வம்சத்தின் வரிசையிலே நிறுத்திக்கொண்டார். அதை அவர் வாயால் சொல்லவில்லை. படங்களை அடுக்கிய முறையே சொல்லிற்று. 'நான் யார்' என்னும் கேள்விக்கு எழுத்து பாதி விடை தருகிறது. அதன் பக்கத்தில் எந்தப் படத்தை வைப்பது, எதை விடுவது என்ற தீர்மானம் மீதி விடையைத் தருகிறது.

ஆகவேதான் ஆசிரியரின் கை இங்கே மிக ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். 'உன் கஷ்டத்தைச் சொல், கேட்பவர் கண் கலங்கவேண்டும்' என்று ஆசிரியர் தூண்டினால், குரல் பிள்ளையுடையதாக இருக்கும், கதை ஆசிரியருடையதாகிவிடும். நிதி உதவுவோருக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணம் புகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சந்தோஷமான கதையை, ஏன், வெறும் சைக்கிளைப் பற்றிய கதையைக்கூடச் சொல்ல ஒரு பிள்ளைக்குப் பாத்தியதை உண்டு.

மற்றொரு சங்கடமும் உண்டு. தன் கதையைச் சொல்லும்போது தாய் தந்தையரின் கதையும் கூடவே வந்துவிடுகிறது. தகப்பனார் வேலை இழந்ததை மகன் சொல்வது மகனுடைய கதையா, தகப்பனாருடையதா? பதினான்கு வயதில் மனம் திறந்து சொன்னது, இருபத்தைந்து வயதில் வேலை கேட்டுப் போகும் இடத்திலும் யாரோ ஒருவர் கைப்பேசியில் ஓடலாம். ஆகையால் படம் யாருக்குக் காட்டப்படும், எவ்வளவு காலம் வைக்கப்படும், பிறகு வேண்டாமென்றால் எடுத்துவிட முடியுமா என்பதைப் பதிவுக்கு முன்பே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் விளக்கிச் சம்மதம் பெறவேண்டும்.

நம் சங்கங்களில் யாரேனும் பள்ளி விடுமுறையில் இதை நடத்த விரும்பினால், முதல் நாளில் கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம். எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கட்டும். இடையில் யாரும் திருத்தக் கூடாது, பெரியவர்கள் முக்கியமாக. இரண்டாம் நாள் எழுதி உரக்கப் படிக்கட்டும். பதிவு செய்த தம் குரலை முதல்முறை கேட்கும் பிள்ளைகள் பலர் கூசுவார்கள். அழித்துவிட்டு மறுபடி பேச அவகாசம் கொடுங்கள். படங்களை அதன் பிறகு தேடிக்கொள்ளலாம். வீட்டு ஆல்பத்திலிருந்து எடுப்பதானால் உம்மாவிடம் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.