தெர்மாகோல் மேல் சாலையா?

நம்பிக்கை: விரலால் கிள்ளினாலே உதிரும் தெர்மாகோல், லாரியை எப்படித் தாங்கும்?

உண்மை: டிவி பெட்டிக்குள் வரும் துண்டை வைத்து இதை எடைபோட வேண்டாம். சாலைக்கு அடியில் வைப்பதும் அதே பொருள், பாலிஸ்டைரீன்தான். ஆனால் அடர்த்தியும் வலிமையும் சோதித்து வார்த்த பெரிய பாளங்கள். கன மீட்டருக்கு 22 கிலோ உள்ள பாளம், சதுர மீட்டருக்குச் சுமார் 5 டன் சுமையைத் தாங்கும். அப்போதும் அதன் உயரம் நூற்றில் ஒரு பங்குதான் குறையும். மேலே கான்கிரீட் தளம், ஜல்லி, தார் என்று அடுக்குகள் இருப்பதால், சக்கரத்தின் சுமை பரவித்தான் பாளத்துக்கு வந்து சேர்கிறது.

நார்வேயில் ஃப்ளோம் பாலத்தை ஒட்டிய சாலை இதற்கு முதல் சாட்சி. பாலம் நிலத்தில் அடித்த பைல் தூண்கள் மேல் நின்றது, அசையவில்லை. அதை ஒட்டிய சாலையோ பொதபொதவென்ற மண்ணின் மேல், ஆண்டுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் அமிழ்ந்துகொண்டிருந்தது. பள்ளத்தை நிரப்ப மேலே மண் கொட்டினால் அந்தப் பாரத்தாலேயே இன்னும் இறங்கும். 1972இல் மண்ணை வெட்டியெடுத்துவிட்டு, அரை மீட்டர் பாளங்களை இரண்டு அடுக்காக வைத்தார்கள். பாரம் குறைந்தது, அமிழ்வதும் அடங்கியது.

நம்பிக்கை: சில வருடங்களில் மக்கிப்போகும்.

உண்மை: பல ஆண்டுகள் புதைந்திருந்த பாளங்களை நார்வேயில் தோண்டியெடுத்துச் சோதித்தார்கள். வலிமை குறையவில்லை.

நம்பிக்கை: எடையே இல்லாத பொருள், ஆபத்தும் இல்லை.

உண்மை: பயப்பட வேண்டிய இடம் இதுதான். தண்ணீரில் மூழ்கிய ஒரு கன மீட்டர் பாளம் கிட்டத்தட்ட ஒரு டன் விசையுடன் மேலே எழும்பும். 1987 வெள்ளத்தில் நார்வேயிலேயே ஒரு சாலை இப்படி மிதந்து கெட்டது. வெள்ள மட்டத்தைக் கணக்கிட்டு, மேலே போதிய பாரம் வைக்காமல் இதைப் போடவே கூடாது. பெட்ரோல் கசிந்தால் பாளம் கரைந்துவிடும். கான்கிரீட் தளமோ பிளாஸ்டிக் விரிப்போ கட்டாயம். மூடாத பாளங்களுக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும்.

நம்பிக்கை: தெர்மாகோல்தானே, செலவு மிச்சம்.

உண்மை: கன மீட்டர் விலையில் மண்ணைவிடப் பாளம் பலமடங்கு அதிகம். மண் கொட்டினால் நிலம் இறங்கும், அடியிலுள்ள குழாய் உடையும் என்ற இடங்களில்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், 2002 குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன் ஐ-15 நெடுஞ்சாலையைப் புதுப்பித்தபோது, இந்தக் காரணத்துக்காகவே சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் பாளங்களை அடுக்கினார்கள். கெட்டித் தரைக்கு மண்ணே போதும். அங்கே பாளம் வீண் செலவு.