கடல் கடந்து சில ஆண்டுகள்: பள்ளிப் பிள்ளைகளும் தற்காலிகக் குடிபெயர்வும்

இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

முன்னுரை

கடல் கடந்தேனும் பொருள் தேட வேண்டும் என்று ஒளவைப் பிராட்டியார் நமக்கு அறிவுரை கூறினார். ஆனால், அவ்வாறு போகும்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை என்ன செய்வது என்று அவர் கூறவில்லை. தொல்காப்பியரோ, பொருள் தேடிக் கடல் கடப்பவர் பெண்களை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று அகத்திணையியலில் முடித்துவிட்டார். ஆகவே அக்காலத்தில் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி எழவே இல்லை எனலாம். இன்று அக்கேள்வி எழுகிறது. எங்கள் வீட்டில் இந்த ஆண்டு இரண்டாம் முறையாக எழுந்திருக்கிறது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நான் பிறந்த ஊர் புன்னக்காயல். பொதிகையில் பிறக்கும் தாமிரவருணி நெல்லைச் சீமையை வளப்படுத்திவிட்டு, ஆத்தூரையும் முக்காணியையும் கடந்து, கடலோடு கலக்கும் இடம் எங்கள் ஊர். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். இங்குள்ள ஆண்கள் பிழைப்புக்காகக் கரையை விட்டுப் போவதும் திரும்பி வருவதும் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், இலங்கைக் கரையிலுள்ள மரிச்சிக்கட்டியில் ஒரு தற்காலிக ஊரே உருவாகும். இக்கரைக் குளிகாரர்கள் அங்கே சென்று, சலாபம் முடிந்ததும் திரும்புவார்கள். சில வாரப் பிரிவுக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. சில ஆண்டுகள் என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கொழும்பு சென்ற தலைமுறை

எங்கள் ஆச்சி சிறுமியாக இருந்தபோது கொழும்பில் படித்தவர். ஆச்சியின் தகப்பனார் அங்கே ஒரு கடையில் கணக்கெழுதினார். முத்துக்குளித்துறையிலிருந்து தொழிலுக்கும் வணிகத்திற்கும் கொழும்பு சென்ற பரதவர் பலர். அங்கேயே நிலைத்துவிட்டவர்கள் இன்றும் அந்நாட்டில் பரத சமூகத்தார் என்று தனியே அறியப்படுகின்றனர். மற்றவர்கள் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த திட்டத்தால் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழியே பயிற்று மொழி என்ற கொள்கையும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனவே ஆச்சி தமிழ்ப் பள்ளியில் தமிழிலேயே படித்தார். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1958இல் இனக்கலவரம் மூண்டது. அவ்வாண்டே ஆச்சியின் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடி வந்து, அங்கிருந்து ரயிலில் ஊர் சேர்ந்தது. 1914 முதல் இயங்கிய அந்த வழியை 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியோடு சேர்த்து அழித்துவிட்டது.

“திரும்பி வந்து படிக்கக் கஷ்டமாக இருந்ததா ஆச்சி?” என்று நான் கேட்டதற்கு, “பாடந்தான் மாறிச்சு, பாஷை மாறலியே. சரித்திரத்துல மட்டும் ராசாக்க பேரு வேற வேற” என்று சிரித்தார். ஆச்சியின் இந்த ஒரு வாக்கியம் என் ஆராய்ச்சிக்கு அடிப்படை ஆயிற்று. நாடு மாறினாலும் மொழி மாறாவிட்டால் பிள்ளையின் கல்வி அறுபடுவதில்லை. மொழி மாறினால் நிலைமை வேறு.

வளைகுடா சென்ற தலைமுறை

என் தந்தையார் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராகத் தொடங்கி மேற்பார்வையாளர் ஆனவர். 2015இல் ஐக்கிய அரபு நாட்டில் மூன்றாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. குடும்பத்தையும் அழைத்துச் செல்லலாம் என்றார்கள். வளைகுடா செல்லும் எல்லோருக்கும் இவ்வாய்ப்புக் கிடைப்பதில்லை. அந்நாட்டில் குடும்பத்தை வரவழைக்கக் குறைந்தபட்ச வருமானம் வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிப்படி மாதம் 4000 திர்ஹாம், அல்லது 3000 திர்ஹாமும் தங்குமிடமும் என்பது கணக்கு. தொழிலாளர் முகாம்களில் வாழும் பெரும்பாலோர் மனைவி மக்களைத் தொலைபேசியில்தான் பார்க்கின்றனர்.

“பிள்ளைகளை என்கிட்ட விட்டுட்டுப் போங்க” என்றார் ஆச்சி. “மூணு வருஷம் அப்பாவைப் பார்க்காம வளர வேண்டாம் அத்தை” என்றார் என் தாயார். தாயாரின் சொல்லே வென்றது. அப்போது நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறவள். தம்பிக்கு நான்கு வயது.

அங்கே எங்களைச் சேர்த்தது மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டம் கொண்ட இந்தியப் பள்ளி. காலையில் பெண் பிள்ளைகளுக்கும் மதியம் ஆண் பிள்ளைகளுக்கும் வகுப்பு. எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். அரபு கட்டாயம். இரண்டாம் மொழியாக இந்தியும் மலையாளமும் இருந்தன. எங்கள் பள்ளியில் தமிழ் இல்லை. நான் பெற்ற நன்மைகளை மறைக்கக் கூடாது. ஆங்கிலத்தில் அச்சமின்றிப் பேசக் கற்றேன். பல நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே பேருந்தில் சென்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு இரவும் அப்பாவோடு உட்கார்ந்து சோறு உண்டேன்.

எழுத்தை இழந்த கதை

இரண்டாம் ஆண்டில் தொலைபேசி வழியே ஆச்சிக்குச் செய்தி எழுதத் தொடங்கினேன். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவேன். ஆச்சிக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாராம். அந்த அண்ணன் ஊரில் இல்லாத நாட்களில் என் செய்தி வாசிக்கப்படாமலே கிடந்தது.

வரலாற்று வகுப்பில் தமிழ் அச்சின் கதையைப் படித்தபோது இந்நிகழ்ச்சி என் நெஞ்சைத் தைத்தது. அச்சேறிய முதல் தமிழ் நூல் 1554இல் லிஸ்பன் நகரில் வெளிவந்த ‘கார்த்தில்யா’. அதை உருவாக்குவதில் லிஸ்பனில் வாழ்ந்த தமிழர் மூவர் பங்கு கொண்டனர். ஆனால் அதில் தமிழ் ரோமன் எழுத்தில்தான் அச்சிடப்பட்டது. புன்னக்காயலை இருப்பிடமாகக் கொண்டு உழைத்த அன்றிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ நூலில்தான் தமிழ் தன் சொந்த எழுத்தில் அச்சுக் கண்டது. இடையில் சென்றவை 24 ஆண்டுகள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் எங்கள் ஊரில் தங்கித் தமிழ் எழுத்தைக் கற்றார். எங்கள் ஊரில் பிறந்த நான் வெளிநாடு சென்று அதை மறந்தேன். இதை எண்ணி நான் நாணாத நாள் இல்லை.

2018இல் திரும்பி வந்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன். சேர்வதில் தடை இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டி மறுக்கக் கூடாது என்றும் கூறுகிறது. ஆனால் சட்டம் இடத்தைத் தருமே ஒழிய எழுத்தைத் தராது. முதல் தமிழ்த் தேர்வில் 100க்கு 19 வாங்கினேன். லகர, ளகர, ழகரங்கள் என் கையில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. தமிழாசிரியை என்னைத் திட்டவில்லை. மாலையில் அரைமணி நேரம் உட்காரவைத்து நாள்தோறும் ஒரு பக்கம் எழுதச் செய்தார். ஓராண்டில் கரை ஏறினேன்.

யாரும் சொல்லாத கணக்கு

எழுத்தை மீட்டுவிடலாம், ஆண்டுகளை மீட்க முடியாது. இதனை நான் கல்லூரிக்கு வந்த பிறகே உணர்ந்தேன். வெளிநாடு செல்லும் பெற்றோர் விமானக் கட்டணத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் கணக்கிடுகின்றனர். கீழ்க்காணும் விதிகளை யாரும் கணக்கிடுவதில்லை.

ஒன்று: தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் மூன்றாண்டு ஆங்கிலவழி படித்த நான் இதற்கு உரியவள் அல்லேன்.

இரண்டு: மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

மூன்று: உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்திருத்தல் வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியர்க்கும் புதுமைப் பெண் திட்டத்தை விரிவாக்கும் விழா 2024 டிசம்பரில் நம் தூத்துக்குடியிலேயே நடைபெற்றது.

என் வகுப்புத் தோழியர் பலர் மாதந்தோறும் அத்தொகையைப் பெறுகின்றனர். ஆறாம், ஏழாம் வகுப்புகளைக் கடலுக்கு அப்பால் படித்த எனக்கு அது இல்லை. இதில் எனக்குக் குறை இல்லை. வெளியே செல்ல வாய்ப்பே இல்லாத பிள்ளைகளுக்காக வகுத்த விதிகள் அவை, அவை நியாயமானவை. 2015இல் என் பெற்றோர் புறப்பட்டபோது இவற்றில் ஒன்றுகூட இந்த வடிவில் இல்லை. இனிப் புறப்படுவோர் அறிந்து புறப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அறிந்து செல்லும் முறை

என் அனுபவத்திலிருந்து சில கருத்துகளைத் தோழர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் முன்வைக்கிறேன்.

பிள்ளையின் வகுப்பைப் பார்த்துப் பயணத்தை முடிவு செய்ய வேண்டும். எழுத்துப் பழகிய பின், ஆறாம் வகுப்புக்கு முன் செல்வதால் இழப்புக் குறைவு. ஒன்பதுக்கு மேல் பொதுத்தேர்வு நெருங்குவதால் மாற்றம் கடினம்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். வளைகுடாவிலுள்ள இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும்; நம் ஊரில் பொதுவாக ஜூனில். ஆண்டிறுதித் தேர்வு முடிந்து செல்வதும், அங்கே தேர்வு முடிந்து மார்ச்சில் திரும்புவதும் நலம். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று ஆகியவற்றைப் புறப்படும்முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழை வீட்டிலேயே நடத்த வேண்டும். இங்குள்ள தமிழ்ப் பாடநூலை வாங்கிச் சென்று நாளுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். வெளிநாட்டுத் தமிழர்க்கென 2001இல் தொடங்கப்பட்ட, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அமைப்பு, இணைய வழியில் தமிழ் கற்பிக்கிறது. ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்குத் தமிழ் எழுத்திலேயே கடிதம் எழுதச் செய்வதும் நல்ல பாடமே.

முடிவுரை

இந்த ஆண்டு என் தந்தையாருக்கு மீண்டும் ஓர் ஒப்பந்தம் வந்திருக்கிறது. இரண்டாண்டு, குடும்பமும் வரலாம். தம்பி இப்போது எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளியில். முதல் வகுப்பை அவன் அங்கே படித்ததால் தமிழ்வழி முன்னுரிமை அவனுக்கு ஏற்கெனவே இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அவன் சங்கிலி அறுபடவில்லை. இப்போது போனால் அறுபடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் இடையில் வரும். இக்கட்டுரைக்காக நான் சேர்த்த குறிப்புகளை ஒரு ஞாயிறு மாலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “சரிம்மா, நான் மட்டும் போயிட்டு வாரேன்” என்றார்.

தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் இழப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அப்பாவோடு உண்ட அந்த மூன்றாண்டு இரவுச் சோற்றுக்கு எந்த உதவித்தொகையும் ஈடாகாது. அதை நான் பெற்றேன், அவன் பெறப்போவதில்லை. ஆகவே, பிள்ளைகளை அழைத்துச் செல்வதே சரி என்றோ விட்டுச் செல்வதே சரி என்றோ பொதுவிதி கூற நான் துணியவில்லை. எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இழக்கிறோம். எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழப்பது ஒன்றே கல்வி கற்றோர் செய்யத்தக்கது.

தந்தையார் மார்ச்சுக்குப் பின் புறப்படுகிறார். வாரம் ஒரு கடிதம் எழுதுவதாகத் தம்பி இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறான். தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பது ஆச்சியின் கட்டளை.