உங்கள் கன்சோலை நாலு பேர் பார்க்கிறார்கள்

இன்டர்வியூவில் ஸ்க்ரீன் ஷேர் போடச் சொல்லி, “இந்த ஜாவாஸ்கிரிப்ட் கோடில் ஒரு பக் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்” என்கிறார்கள். பலர் உடனே ‘ஹியர்’, ‘ஹியர் 2’, ‘டெஸ்ட்’ என்று கன்சோலில் அச்சிடத் தொடங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. எதிரில் இருப்பவர் பார்க்க விரும்புவது நீங்கள் யோசிக்கும் முறையை. கன்சோல் அதை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். ஒழுங்கான லாக்கோடு அதே பக்கைத் தேடுகிறவர் உங்களை முந்திவிடுவார். இதைக் கற்க ஒரு மாலை நேரம் போதும்.

1. வேரியபிளைத் தனியாக அச்சிடாதீர்கள். சுருள் அடைப்புக்குள் போட்டு அச்சிடுங்கள். பெயரும் மதிப்பும் சேர்ந்தே வரும். இரண்டு எழுத்து கூடுதலாகத் தட்டினால் ‘இது எந்த 42?’ என்ற கேள்வியே எழாது.

2. எல்லாவற்றுக்கும் லாக்கையே பிடித்துத் தொங்க வேண்டாம். வார்ன் மஞ்சளிலும் எரர் சிவப்பிலும் வரும். பிரவுசரே அந்த நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. டிபக் என்று எழுதினால் குரோமில் வெர்போஸ் லெவலைத் திறந்தால்தான் தெரியும், மற்ற நேரம் இடைஞ்சல் இல்லை. ஏபிஐயிலிருந்து வந்த பட்டியலை கன்சோல் டேபிளில் போடுங்கள். காலியாக வந்த ஃபீல்டு உடனே கண்ணில் படும். ஒரு ரெக்வெஸ்ட்டின் எல்லா வரிகளையும் குரூப் கொலாப்ஸ்டுக்குள் மடக்கி வையுங்கள். ‘ஸ்லோவாக இருக்கு’ என்று மீட்டிங்கில் சொல்லுமுன் டைம், டைம்எண்ட் இரண்டையும் வைத்து மில்லிசெகண்ட் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணோடு பேசுகிறவர் சொல்வதைத்தான் லீட் கேட்பார்.

3. இனி நிறம். செய்தியின் தொடக்கத்தில் சதவீதக் குறியும் சிறிய ‘சி’ எழுத்தும் போட்டு, அடுத்த ஆர்க்யுமென்ட்டாக சிஎஸ்எஸ் வரியைக் கொடுங்கள். பேக்ரவுண்ட், பேடிங், போல்டு எல்லாம் வேலை செய்யும். அதே குறியை இன்னொரு முறை போட்டு வெற்று வரியைக் கொடுத்தால் ஸ்டைல் அங்கேயே நின்றுவிடும். லேபிள் மட்டும் வண்ணத்தில், மீதி சாதாரணமாக. இவ்வளவுதான் நுட்பம், லைப்ரரி எதுவும் தேவையில்லை.

கஷ்டம் கட்டுப்பாட்டில்தான். மாட்யூலுக்கு ஒரு நிறம் என்று வையுங்கள்: லாகின் நீலம், பேமென்ட் ஊதா, நெட்வொர்க் சாம்பல். நாலைத் தாண்டினால் எதுவும் கண்ணில் நிற்காது. நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர் உங்கள் டீமிலேயே இருக்கலாம். லேபிளில் சொல்லும் இருக்கட்டும். அடுத்து பலரும் விழும் குழி: தனியாக ஒரு லாகர் ஃபங்ஷன் எழுதுவார்கள், அதன் பிறகு எல்லா வரியும் லாகர் ஃபைலிலிருந்து வந்ததாகவே கன்சோல் காட்டும். அப்படி எழுதாமல், கன்சோலின் லாக்கையே பைண்ட் செய்து, லேபிளையும் ஸ்டைலையும் முன்கூட்டியே கட்டிக்கொடுங்கள். அழைத்த இடத்தின் லைன் நம்பர் தப்பாமல் வரும். இதை இன்டர்வியூவில் காரணத்தோடு சொல்கிறவர்கள் குறைவு. நீங்கள் சொல்லுங்கள்.

4. டெர்மினலில் இந்த சிஎஸ்எஸ் எடுபடாது; நோட் அதைக் கண்டுகொள்ளாது. அங்கே வண்ணம் தருவது ஆன்சி எஸ்கேப் கோடுகள். அதற்கென்று உடனே ஒரு பேக்கேஜை இறக்கும் பழக்கத்தை மறுபடி யோசியுங்கள். 2022 ஜனவரியில் ‘கலர்ஸ்’ பேக்கேஜை எழுதியவரே அதில் முடிவில்லாத லூப்பைச் சேர்த்து வெளியிட்டார். அதை நம்பியிருந்த புராஜெக்ட்டுகளின் திரையில் குப்பை எழுத்துகள் கொட்டின. 2025 செப்டம்பரில் ‘சாக்’, ‘டிபக்’ உள்ளிட்ட பேக்கேஜ்களைப் பராமரிப்பவரின் என்பிஎம் கணக்கு ஃபிஷிங் மெயிலில் பறிபோனது. கிரிப்டோ வாலட்டைக் குறிவைக்கும் கோடோடு புதிய வெர்ஷன்கள் வெளியாகின. நோட் 20.12 முதல் யூட்டில் மாட்யூலிலேயே ஸ்டைல்டெக்ஸ்ட் இருக்கிறது. பெரும்பாலான வேலைக்கு அது போதும். ‘ஏன் பேக்கேஜ் போடவில்லை?’ என்று ரிவ்யூவில் கேட்டால், இந்த இரண்டு சம்பவங்களையும் சொல்லத் தெரிந்தவரை எளிதில் மறக்கமாட்டார்கள்.

5. ஆப்ஜெக்ட்டை லாக் செய்துவிட்டு, பிறகு விரித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். பிரவுசர் காட்டுவது விரிக்கும் நேரத்தின் மதிப்பை, லாக் ஓடிய நேரத்தின் மதிப்பை அல்ல. ஸ்ட்ரக்சர்டுகுளோனில் நகல் எடுத்து அச்சிடுங்கள்.

6. பாஸ்வேர்டு, டோக்கன், ஆதார் எண் எதுவும் லாக்கில் போகக் கூடாது. 2018 மே மாதத்தில் ட்விட்டர், பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் உள் லாக்கில் பதிவானதைக் கண்டுபிடித்து, பாஸ்வேர்டை மாற்றும்படி 33 கோடி பயனர்களையும் கேட்டுக்கொண்டது. உள் லாக்தானே என்ற அலட்சியத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது. ஈஎஸ்லிண்டின் நோ-கன்சோல் விதியைப் போட்டு வையுங்கள். புரொடக்‌ஷன் பில்டில் கன்சோல் அழைப்புகளை நீக்க ஈஎஸ்பில்டிலும் டெர்சரிலும் வசதி உண்டு. புல் ரெக்வெஸ்ட்டில் மறந்துபோன ‘டெஸ்ட் டெஸ்ட்’ வரி ஒன்று இருந்தாலே, மீதிக் கோடையும் ரிவ்யூவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

இன்றைக்கே பைண்ட் செய்த மூன்று லாகர்களை ஒரே ஃபைலில் எழுதி, டீமின் ரெப்போவில் உங்கள் பெயரில் சேருங்கள். அடுத்த பெர்ஃபாமன்ஸ் ஃபிக்ஸுக்கு, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நேரத்தை கன்சோல் டேபிளில் போட்டு, அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் புல் ரெக்வெஸ்ட்டின் முதல் வரியிலேயே ஒட்டுங்கள். அப்ரைசல் நேரத்தில் மேனேஜர் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பார்.